அரிசி மணியில் தொடங்கிய இருபது இலக்கம்

சதுரங்கக் கதையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் போன இதழில் ஒரே வரியில் விடை போட்டிருந்தேன்: 18446744073709551615. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று யார் கண்டார்கள்! அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இந்த எண்தான், சினிமாவும் அரசியலும் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாதவர்களுக்கு: சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவரிடம் ராஜா என்ன வேண்டும் என்று கேட்கிறார், அவர் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக்கி 64 கட்டத்துக்கும் கொடுங்கள் போதும் என்கிறார். பழைய அரபுக் கதைகளில் கோதுமை, நம் பக்கம் அரிசி, கேரளத்து அம்பலப்புழைக் கோயிலில் சொல்லும்போது அது பால்பாயசம் வரைக்கும் போகும். மொத்தம் எத்தனை மணி என்பதுதான் மேலே உள்ள எண்.

கே: முதலில் இதை எப்படிப் படிப்பது, சொல்லுங்கள். என் பேத்தி கேட்டாள், எனக்குக் கோடிக்கு மேல் வாய் வரவில்லை. (வாசகி, கும்பகோணம்)

கோடியையே இரண்டு தடவை சொல்லிவிட்டால் போதும், அம்மா. 1,84,467 கோடி கோடி, அப்புறம் 44,07,370 கோடி, அப்புறம் 95,51,615. பேத்தியிடம் ஒரு மூச்சில் சொல்லிக் காட்டுங்கள்.

கே: 64 தடவை இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, இதை யார் உட்கார்ந்து செய்தார்கள்? கால்குலேட்டர் இல்லாத காலத்தில் முடிகிற காரியமா? (மதுரை)

முடியும், அதுவும் ஒரு மத்தியானத்தில். கூட்டவே வேண்டாம் என்பதுதான் இதில் முதல் சூட்சுமம். 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7, அடுத்த கட்டத்தில் இருப்பது 8. 1, 2, 4, 8 கூட்டினால் 15, அடுத்தது 16. எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் இருக்கும் மணி, அதற்கு முன்னால் உள்ள அத்தனை கட்டத்தையும் சேர்த்ததைவிடச் சரியாக ஒன்று கூட. ஆக 64 கட்டத்தின் மொத்தம் வேண்டும் என்றால் இல்லாத 65-ஆவது கட்டத்தைக் கணக்குப் போட்டு ஒன்றைக் கழித்தால் சரி. அதாவது 2⁶⁴ − 1.

இரண்டாவது சூட்சுமம், 2⁶⁴-க்கு 64 பெருக்கல் தேவையில்லை, ஆறு பெருக்கல் போதும். 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, அப்புறம் 256, 65536, 4294967296, கடைசியாக ஒரே ஒரு பெரிய பெருக்கல், பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால், அதில்தான் 18446744073709551616 வரும். கொஞ்சம் பெரிய தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அல்பிரூனி என்ற அறிஞர் தன்னுடைய காலக்கணக்கு நூலில் இந்த எண்ணை இதே இருபது இலக்கத்தோடு எழுதிவைத்திருக்கிறார், அவர் போன வழியும் இந்த வர்க்க வழிதான்.

கே: உங்கள் எண் தப்பு. எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன், 18446744073709600000 என்று வருகிறது. கடைசி ஐந்து இலக்கமும் சைபர். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும். (கணக்காளர், கோயம்புத்தூர்)

சார், திருத்தத்தை எக்ஸெல் கம்பெனிக்கு அனுப்புங்கள்! எக்ஸெல் முதல் 15 இலக்கத்தைத்தான் காட்டும், மிச்சத்தை சைபரால் நிரப்பிவிடும், அதை மறைத்தும் வைக்கவில்லை, யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் எடுத்த எண் சரியாக இருக்க முடியாது என்பதை எக்ஸெலே இல்லாமல் சொல்லிவிடலாம். இரண்டின் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நாலுக்கு ஒருதரம் சுற்றிச் சுற்றி வரும். 64 நாலால் வகுபடுவதால் 2⁶⁴ கட்டாயம் 6-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 5. சைபரில் முடிவதற்கு வழியே இல்லை. பைத்தான் என்ற கணினி மொழி தெரிந்த பையன் யாராவது பக்கத்தில் இருந்தால் போடச் சொல்லுங்கள், கடைசி இலக்கம் வரை சுத்தமாகக் கொடுக்கும்.

கே: அரிசியாக எவ்வளவு? ராஜா அவ்வளவு முட்டாளா? (தஞ்சாவூர் விவசாயி)

ராஜாவைக் குறை சொல்ல மாட்டேன். கிலோவுக்குச் சுமார் 40,000 மணி என்று வையுங்கள் (ரகத்துக்கு ரகம் மாறும், உங்களுக்குத் தெரியாததா). பலகையின் முதல் பாதி, அதாவது 32 கட்டம் முடிகிறவரை மொத்தம் 4294967295 மணி. அது 107 டன். சில லாரி லோடு. ஒரு ராஜாவின் களஞ்சியத்துக்கு அது ஒரு பொருட்டா? பாதிப் பலகை வரை மந்திரிகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். 33-ஆவது கட்டத்தில் மட்டும் முன்னால் கொடுத்த அத்தனைக்கும் மேல் ஒரு மணி, அங்கிருந்து ஆட்டம் கைமீறிப் போகிறது. இரண்டாவது பாதி முழுவதும் சேர்ந்தால் முதல் பாதியைப் போல 4294967296 மடங்கு. மொத்தத்தில் சுமார் 46,100 கோடி டன். உலகம் முழுக்க இப்போது வருடத்துக்கு 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் அரிசி விளைகிறது, ஆக எண்ணூறு தொள்ளாயிரம் வருட விளைச்சல், அதுவும் நடுவில் யாரும் சாப்பிடாமல் இருந்தால்.

ஆனால் ஒன்று. இந்த எண்ணைப் பற்றி யார் எழுதினாலும் அரிசி மலை, உலகம் கொள்ளாது என்றே முடித்துவிடுகிறார்கள். பெரியதாக இருப்பது ஒரு எண்ணுக்கு ஒரு தகுதியே இல்லை, இதோடு ஒன்றைக் கூட்டினால் இன்னும் பெரியது வந்துவிடுகிறது. இதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஒரே ஒருவர். அந்தக் கேள்வி அடுத்து.

கே: இது பகா எண்ணா? இல்லை என்றால் எதனால் வகுபடும்? 5-இல் முடிவதால் 5 தெரிகிறது. மீதியைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? (பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

நல்ல கேள்வி. உனக்கு மட்டும் பதில் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி.

இருபது இலக்க எண்ணைக் காரணிப்படுத்து என்றால் யாருக்கும் பயம் வரும். இந்த எண் மட்டும் தானாகவே பிளந்துகொள்ளும். பள்ளியில் படித்த a² − b² = (a − b)(a + b) ஞாபகம் இருக்கிறதா, அது ஒன்றே ஆயுதம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1).

இதில் 2³² − 1 மறுபடியும் அதே ஜாதி, அதை (2¹⁶ − 1)(2¹⁶ + 1) என்று உடை. 2¹⁶ − 1-ஐ மறுபடி உடை. இப்படியே கீழே இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் 2 − 1, அதாவது 1, அங்கே நிற்கும். வழியில் சேர்ந்ததை எல்லாம் அள்ளி வரிசையாக வைத்தால்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

ஆறு எண்கள். மேலே வர்க்கம் வர்க்கமாக ஏறினோமே, 2, 4, 16, 256, 65536, 4294967296 என்று, அந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டியதுதான் இவை. ஏறிய படியிலேயே இறங்கியிருக்கிறோம். இரும எண்ணாக, அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் இன்னும் பளிச்சென்று தெரியும். அப்போது நம் எண் என்பது வரிசையாக 64 ஒன்றுகள், வேறு இலக்கமே கிடையாது. 9999 எப்படி 99-ஆல் வகுபடுகிறதோ (99 × 101) அதே மாதிரி 64 ஒன்றுகளை இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ எட்டெட்டாகவோ கட்டலாம், கட்டுகிற ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு வகுத்தி.

சரி, 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். 4294967297?

இங்கேதான் பிரான்ஸ் நாட்டு ஃபெர்மா வருகிறார். தொழில் சட்டம், கணக்கு பொழுதுபோக்கு. 1640-இல் தன் கடிதங்களில் இந்த வரிசையைப் பற்றி எழுதும்போது, இதில் வருவது எல்லாமே பகா எண்தான் என்று நம்புவதாகச் சொல்கிறார், நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். முதல் ஐந்தும் சரியாக இருந்தபோது ஆறாவதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? அப்படியே சுமார் தொண்ணூறு வருடம் போனது. 1732-இல் ஆய்லர் என்ற கணிதக்காரர் அதை உடைத்தார், அப்போது அவருக்கு 25 வயது, பீட்டர்ஸ்பர்க்கில் வேலை.

4294967297 = 641 × 6700417.

பெருக்கிப் பார், சரியாக வரும். 6700417-உம் பகா எண். ஆக உன் கேள்விக்கு முழு விடை: 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை.

641-ஐ எப்படிப் பிடித்தார் என்று நீ கேட்பாய். குருட்டுத்தனமாக வகுத்துக்கொண்டே போகவில்லை. இந்த எண்ணுக்கு வகுத்தி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று பிற்பாடு எழுதிய கட்டுரையில் நிரூபித்திருக்கிறார். அந்த மாதிரிப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டது.

பெருக்காமலேயே காட்டவும் ஒரு வழி உண்டு, எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுது. ஒன்று, 641 = 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொன்று, 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 641-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார். முதலாவதிலிருந்து 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி, ஆகவே 5⁴ இருந்த இடத்தில் −2⁴-ஐ வை. −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது! பத்து இலக்க எண்ணை நாம் தொடவே இல்லை.

கே: மொத்தம் எத்தனை வகுத்திகள்? (அதே மாணவியின் தம்பி, பின்குறிப்பாக)

128. ஏழு பகா எண்ணில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம், இரண்டே வாய்ப்பு, ஆக 2⁷. ஒன்றையும், அந்த எண்ணையும் சேர்த்துத்தான்.

கே: வகுத்தி கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது சார்? பென்ஷன் கூடுமா? (ஓய்வுபெற்ற அலுவலர், சேலம்)

கூடாது. ஆனால் 2³² − 1 என்ற பாதிப் பலகை எண் இருக்கிறதே, 4294967295, அதற்கு ஒரு பெருமை உண்டு. அளவுகோலையும் காம்பஸையும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்பது கிரேக்கர்கள் காலத்துக் கேள்வி. முக்கோணம், ஐங்கோணம் வரும், பதினைந்து பக்கமும் வரும், ஏழு பக்கம் வராது. இரண்டாயிரம் வருடமாக இதில் ஒற்றைப்படைப் பக்கத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. 1796-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ் என்ற ஜெர்மானியர் 17 பக்கத்தை வரையலாம் என்று காட்டினார். அவர் கண்ட விதி, ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால் அந்த எண் ஃபெர்மா வரிசையில் உள்ள பகா எண்ணாகவோ, அப்படிப்பட்ட வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாகவோ இருக்க வேண்டும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இன்றுவரைக்கும் அதே ஐந்துதான். அவற்றை விதவிதமாகச் சேர்த்தால் 31 பலகோணம், அதில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கம்.

இப்போது யோசியுங்கள். ஃபெர்மா சொன்னபடி 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால், பட்டியலின் அடுத்த உச்சம் முழுப் பலகை எண், நம் 18446744073709551615-தான். அந்த 641 மட்டும் இல்லாவிட்டால் அத்தனை பக்கமுள்ள பலகோணத்துக்கும் காம்பஸ் வழி இருந்திருக்கும். யாரும் வரைந்திருக்கப் போவதில்லை என்கிறீர்களா? 65537 பக்கத்துக்கு வழி எழுதுகிறேன் என்று ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து வருடம் செலவழித்திருக்கிறார், அந்தக் கையெழுத்துப் பிரதி கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உலகத்தில் எல்லா வகை ஆட்களும் உண்டு, ஐயா.

கே: பாஸ்கல் முக்கோணத்தில் 64 எண்கள் உள்ள வரிசையில் எல்லாமே ஒற்றைப்படை என்று என் ஆசிரியர் சொன்னார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? (மாணவர், திருநெல்வேலி)

உண்டு. பாஸ்கல் முக்கோணம் என்பது இரண்டு ஓரத்திலும் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டல் என்று அடுக்கியது. அந்த வரிசை 1, 63, 1953 என்று போகும். முக்கோணம் முழுவதிலும் ஒற்றைப்படை வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0 என்று மாற்றி எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாகப் படித்துக்கொண்டே வா. 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... என்ன தெரிகிறது? முதல் 1-ஐ விட்டால், அடுத்த 31 வரிசையும் மேலே சேலத்துக்காரருக்குச் சொன்ன 31 பலகோணங்கள், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசை தப்பாமல். அதற்கு அப்புறம் வருபவற்றில் 4294967297 நுழைந்துவிடுவதால் பலகோணக் கணக்கு அங்கே அறுந்துபோகிறது. 64-ஆவது வரிசையில் 64 ஒன்றுகள், அதாவது நம் எண்.

கே: காசிக் கோயிலில் வைர ஊசியில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்களாம், முடிந்ததும் உலகம் அழியுமாம். வாட்ஸாப்பில் வந்தது. அதிலும் உங்கள் எண்தான். உண்மையா? (சென்னை)

எண் உண்மை, கோயில் கப்சா. 1883-இல் எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் மூன்று குச்சியும் எட்டுத் தட்டும் வைத்து ஒரு விளையாட்டுப் பொருளை விற்பனைக்கு விட்டார், ஹனோய் கோபுரம் என்று பேர். காசி, பூசாரி, தங்கத் தட்டு எல்லாம் அதைச் சுற்றி அங்கே கட்டிய கதை. தன் பேரைக்கூடப் போடாமல் சயாமைச் சேர்ந்த க்ளோஸ் என்ற பேராசிரியர் கொண்டுவந்ததாக அச்சடித்தார், அந்தப் பேரின் பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் "ஆமியேன் ஊர் லூகா" என்று வரும், ஆமியேன் அவர் பிறந்த ஊர்.

நம் எண் எப்படி வந்தது என்றால், ஒரு நேரத்தில் ஒரு தட்டைத்தான் நகர்த்தலாம், சிறிய தட்டின் மேல் பெரியதை வைக்கக் கூடாது. ஆகவே அடித்தட்டை நகர்த்த மேலே உள்ள 63-ஐயும் ஒரு தடவை வேறு குச்சிக்கு மாற்ற வேண்டும், அடித்தட்டுக்கு ஒரு நகர்த்தல், மறுபடியும் அந்த 63-ஐ மேலே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தட்டு கூடும்போதும் இரட்டிப்பு, கூட ஒன்று, அதே அரிசிக் கணக்கு. நொடிக்கு ஒரு நகர்த்தல், தூக்கம் இல்லை என்றாலும் சுமார் 58,450 கோடி வருடம் ஆகும். பிரபஞ்சத்தின் வயது இதுவரை 1,380 கோடி வருடம், அதுபோல 42 மடங்கு. எனவே உலகம் அழியும் என்று வாட்ஸாப்பில் பயப்பட அவசரமே இல்லை.

போகிற போக்கில் ஒன்று. அதே 1883-இல் ரஷ்யாவில் பெர்வூஷின் என்ற பாதிரியார் 2⁶¹ − 1 பகா எண் என்று கையால் கணக்குப் போட்டு நிரூபித்தார். இங்கே கதையில் பூசாரி தட்டு நகர்த்தினார், அங்கே நிஜப் பாதிரியார் 19 இலக்க எண்ணோடு மல்லுக்கட்டினார்.

கே: கம்ப்யூட்டரில் 64 பிட் என்கிறார்களே, சதுரங்கப் பலகையைப் பார்த்துத்தான் வைத்தார்களா? (ஈரோடு)

இல்லை. 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகப் போனதில் வந்த 64 அது. ஆனால் பலன் ஒன்றுதான், 64 பிட் இடத்தில் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காமல் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே, அதற்கு மேல் ஒன்று கூட்டினால் சைபருக்குத் திரும்பிவிடும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி. இணையத்தின் புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ஒரு வீட்டு இணைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஒரு துண்டிலேயே 2⁶⁴ முகவரி இருக்கிறது. பலகை முழுக்க உள்ள மணிகளுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுத்தாலும் உங்கள் வீட்டு மோடத்தில் ஒன்று மிஞ்சும்.

கே: இந்த எண்ணின் கூட்டு எண் என்ன? வியாபாரத்துக்கு நல்லதா? (கரூர்)

இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அதிலிருந்து தெரிவது, எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. வியாபாரத்துக்கு ஜிஎஸ்டியைச் சரியாகக் கட்டுங்கள்.

கே: ஒன்றைக் கழித்ததற்கு இவ்வளவு பேசுகிறோமே, ஒன்றைக் கூட்டினால்? 18446744073709551617-க்கு என்ன கதை? (பேராசிரியை, யாழ்ப்பாணம்)

இந்தத் தடவை வந்ததிலேயே விவரமான கேள்வி. அது ஃபெர்மா வரிசையில் ஏழாவது. கீழே இருக்கும் எண் ஒரு தட்டு தட்டினால் உதிர்கிறது, இரண்டே எண் தள்ளி இருக்கும் இது வாயே திறக்காது. a² − b² ஆயுதம் இங்கே செல்லாது, நடுவில் இருப்பது கூட்டல் குறி. கடைசியில் 1880-இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர், காரணிகளை வெளியிட்டார்: 274177 × 67280421310721. இரண்டும் பகா எண், அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

மேலே ஆய்லரின் 64 மடங்கு விதியைச் சொன்னேன். காசிக் கதையின் லூகா 1878-இல் அதை இன்னும் இறுக்கினார். அவர் விதிப்படி இந்த எண்ணின் வகுத்திகள் எல்லாம் 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருக்க வேண்டும். 274177-இல் ஒன்றைக் கழித்து 256-ஆல் வகுத்தால் 1071, மீதி இல்லை. இன்னொரு வகுத்தியைத் திண்டுக்கல் மாணவி வகுத்துப் பார்த்து எழுதட்டும், எக்ஸெல் வேண்டாம்.